நாற்காலி புல் தின்னுமா?

கேள்வி: அண்ணாச்சி, பள்ளிக்கூடத் தோழர்கள் நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒருமுறை குமரி மாவட்டத்தில், கேரள எல்லையோரக் களியக்காவிளையில் கூடிச் சாயா குடித்துப் பேசிக்கொண்டிருப்பது வழக்கம். போன முறை சென்னையில் குடியேறிவிட்ட ஒருவனும் வந்திருந்தான். நான் கடைக்காரரிடம் "குடிக்க வெள்ளம் தாருங்கள்" என்றேன். "ஊரையே மூழ்கடிக்கப் போகிறாயா? முதலில் தமிழில் பேசு" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் பேச்சு மலையாளம் கலந்து கெட்டுப்போன தமிழ்தானா? அடுத்த மாதம் அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்:

அடுத்த மாதம் போகும்போது ஒரு குறளை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். 595ஆவது குறள்.

"வெள்ளத் தனைய மலர்நீட்டம் மாந்தர்தம்
உள்ளத் தனையது உயர்வு."

குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறதோ அவ்வளவுதான் நீர்ப்பூவின் தண்டு நீளும் என்கிறார். இந்த வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போகிற வெள்ளம் அல்ல. குளத்தில் சாதுவாக நிற்கிற தண்ணீர். பரிமேலழகரும் நின்ற நீர் என்றுதான் உரை எழுதுகிறார். குமரிக் கடலில் 133 அடிக்கு நிற்கிறவரையே சாட்சிக்கு அழைத்தாகிவிட்டது. உங்கள் நண்பர் இதற்கு மேலும் வழக்காட விரும்பினால் தோணி பிடித்துப் போய் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

நடந்தது இதுதான்: வெள்ளம் என்ற சொல்லுக்கு நீர் என்ற பொருளும் பெருக்கு என்ற பொருளும் இருந்தன. மலையாளத்தார் முதலாவதை எடுத்துக்கொண்டார்கள், மற்றத் தமிழ்நாட்டார் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நாம் நடுவில் இருப்பதால் குடிக்கிற வெள்ளம், குழித்துறை ஆற்றில் வருகிற வெள்ளம் என இரண்டையும் வைத்துக்கொண்டு குழப்பமில்லாமல் பிழைக்கிறோம்.

நான் தக்கலைப் பக்கத்துக்காரன், முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் வாத்தியார். மனைவியின் ஊர் எல்லைக்கு அப்பால், பாறசாலை. மைத்துனனும் நானும் ஒரே வயது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் உறவு தேய்ந்து நட்பாகிவிட்டது. எங்களோடு கோவில்பட்டிக்காரர் ஒருவரும், ஆந்திரத்துச் சித்தூரில் பாத்திரக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் சேர்ந்துகொள்வார்கள். நான்கு பேரும் பேசுவதைக் கேட்டால் உங்கள் சென்னை நண்பருக்குத் தலை சுற்றும். எனவே இந்தப் பஞ்சாயத்து எனக்குப் புதிதல்ல.

'பைய' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "பையப் போ" என்று நாம் சொன்னால் வடக்கே இருந்து வருகிறவர்கள், ஏதோ பையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வதாக நினைக்கிறார்கள். மலையாளத்தில் 'பையெ'. மெதுவாக என்று பொருள். இதுவும் குறளில் இருக்கிறது: "பசையினள் பைய நகும்." காமத்துப்பாலில் அந்தப் பெண் மெல்லச் சிரிக்கிற இடம். வகுப்பில் இதை நடத்தும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரை தேவைப்பட்டதே இல்லை.

குழித்துறையில் ஆடி அமாவாசையை ஒட்டி வாவுபலிப் பொருட்காட்சி நடக்கிறதே, அந்த 'வாவு' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் மலையாளம் என்று கையைக் காட்டுவார்கள். சங்கப் பாடல்களில் 'உவவு', 'உவா' என்று வருவதுதான் அது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பொதுப்பெயர். முதல் எழுத்து உதிர்ந்துவிட்டது, ஆள் அதே ஆள்தான்.

இவற்றையெல்லாம்விட எனக்கு மிகவும் பிடித்தது 'தா', 'கொடு' விவகாரம். தொல்காப்பியத்தில் 'ஈ', 'தா', 'கொடு' மூன்றுக்கும் வேறுபாடு சொல்லியிருக்கிறது: தாழ்ந்தவன் கேட்டால் ஈ, ஒப்பானவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். அதே சொல்லதிகாரத்தில் இன்னொரு விதியும் உண்டு, அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. வருதல், தருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதல், கொடுத்தல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை. அதாவது எனக்கும் உனக்கும் என்றால் 'தா'. அவனுக்கு என்றால் 'கொடு'. இன்றைய தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இந்த வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். "உனக்குக் கொடுக்கிறேன்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். மலையாளத்தில் வேலி அப்படியே நிற்கிறது. என் மைத்துனனிடம் ஒருமுறை, "அந்த ஐந்நூறு ரூபாயை உனக்கு நாளைக்குக் கொடுக்கிறேன்" என்றேன். "யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? எனக்குத் தரவேண்டிய பணம் அல்லவா அது!" என்று பதறினான். இலக்கணம் அவன் பக்கம் இருந்தது. பணமும் மறுநாளே அவன் பக்கம் போய்ச் சேர்ந்தது.

எதுவுமே கடன் இல்லை, எல்லாம் நம் பாட்டன் சொத்து என்று நான் சாதிக்கவில்லை. அப்படிச் சாதிப்பவர்கள் தனி வகை. அவர்களோடு சாயா குடிப்பது சிரமம். அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை. அரசாங்கம் எந்த மொழியில் வரி கேட்டதோ அந்த மொழியில்தான் நம் தாத்தாக்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பழைய பத்திரம் மலையாளத்தில் இருக்கிற வீடுகள் இன்னும் உண்டு.

அதுபற்றி ஒரு சொந்த அனுபவம். மாமனார் காலமான பிறகு பாறசாலையில் என் மனைவிக்குக் கொஞ்சம் நிலம் வந்தது. அங்கே உள்ள ஒரு பெரியவர் அக்கறையாக, "போக்குவரவு செய்தாயிற்றா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, மாதம் ஒரு தடவைதான், அதுவும் பஸ்ஸில்" என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேரளத்தின் வருவாய்த் துறையில் போக்குவரவு என்றால் நிலத்தைப் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்றுவது. நாம் பட்டா மாற்றம் என்கிறோம். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்தான் பொருத்தம். ஒருவன் போகிறான், இன்னொருவன் வருகிறான். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வெளியூரில் இருந்து வந்தவர்களுக்குச் சமையலறையில்தான் அதிகக் குழப்பம். நம் வீடுகளில் 'நல்லமிளகு' என்கிறோம். "அப்படியென்றால் கெட்ட மிளகு எது?" என்று கோவில்பட்டிக்காரர் கேட்டார். கெட்ட மிளகு மிளகாய்தான். அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு; போர்த்துக்கீசியர் வந்த பிறகு இங்கே இறங்கியது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்ததைத் தமிழர்கள் மிளகு போலக் காரமான காய் என்று 'மிளகாய்' ஆக்கினார்கள். மலையாளத்தாரோ 'முளகு' என்ற பெயரையே அதற்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பழைய மிளகை 'குருமுளகு' என்றும் 'நல்லமுளகு' என்றும் அடைமொழி போட்டுக் கூப்பிட வேண்டிய நிலைக்கு வந்தார்கள். வாடகைக்கு வந்தவன் வீட்டுப் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டான். சொந்தக்காரர் "நான்தான் நல்லவன்" என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் 'நல்லமிளகு' அந்த வழியாக வந்தது. கடன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

முந்திரிக்கும் இதே கதி. தமிழ்நாட்டில் முந்திரி என்றால் பாயசத்தில் போடுவது. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. பழைய தமிழிலும் திராட்சைக்குக் 'கொடிமுந்திரி' என்று பெயர் உண்டு, இலங்கையில் இன்றும் சொல்கிறார்கள். பிரேசிலில் இருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம் தமிழில் முந்திரியாகிவிட்டது. நாம் குமரியில் அதைக் கொல்லாங்கொட்டை என்று சொல்லி இந்தச் சண்டையில் இருந்தே விலகிக்கொண்டோம். அது நல்ல முடிவு.

சக்கை விஷயத்தில் மட்டும் விருந்தாளிகளிடம் கவனம் வேண்டும். சித்தூர் நண்பருடைய சம்பந்தி, சேலத்துக்காரர், முதன்முறையாக வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி உபசாரமாக, "சக்கை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சுவதைத் தனக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று அவர் முகம் கறுத்துப்போனது. தட்டு நிறைய வருக்கைப் பலாச்சுளை வந்த பிறகுதான் சிரித்தார். குழகுழவென்று இருக்கும் கூழன் வகையை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அந்தச் 'சக்க'வைத்தான் போர்த்துக்கீசியர் வாயில் போட்டு 'ஜாக்கா' ஆக்கி, ஆங்கிலேயன் 'ஜாக்' ஆக்கி உலகம் முழுக்க அனுப்பினான். 2018இல் கேரளம் அதை மாநிலப் பழமாக அறிவித்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் அதுவேதான். எல்லைக்கு இந்தப் பக்கம் பலா, அந்தப் பக்கம் சக்கை, முள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அந்தக் கிழங்கைப் பரப்பினார் என்பதோடு விட்டுவிடுகிறேன். மீன்குழம்பு நினைவு வந்துவிட்டால் எழுத்து ஓடாது.

இனி, ஒரே வேஷத்தில் இரண்டு ஊரிலும் நடமாடி, இரண்டு வேலை செய்கிற சொற்கள். நண்பர்கள் கூட்டத்துக்கு இவைதான் சரியான தீனி.

திருமணமான புதிதில் மைத்துனனை மார்த்தாண்டத்துக்கு அழைத்துப் போனேன். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு பலகையின் முன் நின்று, "கால்நடை மருத்துவமனை" என்று வாய்விட்டுப் படித்தான். பிறகு மிகுந்த மரியாதையோடு, "நடந்து வருகிறவர்களுக்கென்று அரசாங்கமே தனியாக ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறதே, காரில் வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்டான். மலையாளத்தில் கால்நடை என்றால் நடைப்பயணம். மாட்டைக் கொண்டுபோகிற இடம் மிருகாசுபத்திரி. நான் சிரித்தேன். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் 'கால்நடயாத்ரக்கார்' என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்து, மாடுகள் எங்கே யாத்திரை போகின்றன என்று நான் கேட்டேன். அவன் சிரித்தான்.

நாற்காலி அதைவிட மோசம். தமிழில் உட்காருகிற பொருள். மலையாளத்தில் 'நால்க்காலி' என்றால் ஆடுமாடு. உட்காருவதற்கு அவர்கள் 'கசேர' என்கிறார்கள். அது போர்த்துக்கீசியச் சொல்லின் பிள்ளை, யாழ்ப்பாணத்துக் 'கதிரை'க்கு உடன்பிறப்பு. "மாமாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போடு" என்று நான் சொன்னபோது மைத்துனனின் மகள், அப்போது ஐந்து வயது, தொழுவத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். இந்தப் பதிலுக்குத் தலைப்பு வந்தது அவளால்தான்.

கோவில்பட்டிக்காரருக்கு அவர் ஊர்ப் பெயரே வினை. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். "கோவில் பட்டியா?" என்று பாறசாலைப் பிள்ளைகள் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவர் அசரமாட்டார். "ஆமாம், கோவில்பட்டிதான். உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள், கூட்டத்தோடு வருவோம், ஜாக்கிரதை" என்பார்.

பனி பிடித்தால் நாம் சால்வை போர்த்துகிறோம், அவர்கள் மாத்திரை போடுகிறார்கள். அங்கே பனி காய்ச்சல். களி என்றால் நமக்குக் கேழ்வரகு, அவர்களுக்கு விளையாட்டு. கதகளியில் இருப்பது அந்தக் களிதான். 'கத்து' வந்தது என்றால் யாரும் கூச்சல் போடவில்லை, கடிதம் வந்திருக்கிறது. விஷமம் என்றால் நம் வீட்டில் பேரனைத் தேடுவோம், அங்கே அது துயரம், கைக்குட்டையைத் தேடுவார்கள். நாளைக்கு யோகம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் லாட்டரிச் சீட்டு வாங்காதீர்கள். நடக்கப்போவது கூட்டம், அதிலும் சந்தா கேட்கிற கூட்டமாக இருக்கலாம்.

சித்தூர் நண்பர் 'அவசரம்' என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு மாலைப்பொழுதையே நடத்தினார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தமிழில் விரைவு. மலையாளத்தில் வாய்ப்பு. மூன்றுக்கும் தாய் ஒரே வடசொல். அவர் கடைக்கு வருகிற தெலுங்குக்காரர் "எனக்குக் குடம் அவசரம்" என்ற பொருளில் பேசுவார். தேவைதான், நாளைக்கு வந்தாலும் போதும். புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பையனோ ஓட்டமாய் ஓடிப் பரணில் ஏறி விழுவான். "பாறசாலையில் ஒருவன் 'எனக்கு ஒரு அவசரம் தாருங்கள்' என்று கேட்டால் வேலை கேட்கிறான் என்று பொருள்" என்று மைத்துனன் எடுத்துக்கொடுத்தான். "தேவை இருக்கிறவன் விரைந்து போனால் வாய்ப்புக் கிடைக்கும், மூன்றும் ஒன்றுதான்" என்று கோவில்பட்டிக்காரர் சமாதானம் செய்யப் பார்த்தார். தீர்ப்பு நன்றாக இருந்தது, யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் எங்கள் கூட்டத்தின் குலதெய்வம் 'சம்சாரம்'. வடமொழியில் சேர்ந்து ஓடுவது, சுற்றி அலைவது என்று வேர். பிறவிச் சுழலுக்குப் பெயர். தெலுங்கில் அது குடும்பம். தமிழில் குடும்பம் என்றும் சொல்வோம், மனைவி என்றும் சொல்வோம். கோவில்பட்டிக் கரிசல்காட்டில் 'சம்சாரி' என்றால் விவசாயி. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. முதல்முறை நால்வரும் சந்தித்தபோது மைத்துனன் கோவில்பட்டிக்காரரிடம், "உங்களுக்குச் சம்சாரம் குறைவோ?" என்று கேட்டான். ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று விசாரித்தான், அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒன்றுதான் தம்பி. போதும்" என்றார். சித்தூர்க்காரர் இடையில் புகுந்து, "எனக்குப் பெரிய சம்சாரம், பதினோரு பேர்" என்றார். அதன்பிறகு சாயா ஆறியதை யாரும் கவனிக்கவில்லை. என் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன்: என் சம்சாரத்துக்குச் சம்சாரம் குறைவு. அந்த வேலையை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெள்ளம், பைய, வாவு, தருதல் எல்லாம் நம் முன்னோர் பேச்சு. நீங்கள் கைவிடாமல் வைத்திருக்கிறீர்கள். நல்லமிளகு, சாயா போன்றவை வழியில் வந்து ஒட்டிக்கொண்டவை. ஒட்டிக்கொண்டதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் உங்கள் நண்பர் இருக்கிற சென்னை வீட்டிலும் இதே கதைதான். அவர் மேசையில் சாப்பிடுகிறார், ஜன்னலைத் திறக்கிறார், வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறார். மூன்றும் போர்த்துக்கீசியம். நாம் சாவியை இன்னும் 'தாக்கோல்' என்கிறோம். தாழ்க்கோல், அதாவது தாழைத் திறக்கிற கோல். இதைவிடச் சுத்தமான தமிழ் கிடையாது. மலையாளத்திலும் அதுவே. எங்கள் தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, ஆனால் அதன் நிர்வாகம் கேரள அரசிடம் இருக்கிறது. "அரண்மனை நம்முடையது, தாக்கோல் அவர்களுடையது" என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். சொல் என்னவோ இரண்டு பேருக்கும் பொதுதான்.

ஆகவே அடுத்த மாதம் சண்டை எதுவும் வேண்டாம். அவர் வந்து உட்காரும்வரை காத்திருங்கள். எப்படியும் பைக்கையோ காரையோ பூட்டிவிட்டுத்தான் வருவார். "மக்களே, தாக்கோலை எங்கே வைத்தாய்?" என்று பையக் கேளுங்கள். ஒருவனைப் பார்த்து 'மக்களே' என்கிறாயே, மற்றவர்கள் எங்கே என்று அவர் திரும்பிப் பார்ப்பார். நம் ஊரில் ஒருவரையே அன்பாக 'மக்களே' என்று அழைப்போம் என்பதுகூட, சென்னையில் அதிக நாள் இருந்துவிட்டால் மறந்துபோகும். அந்த இடைவெளியில் கடைக்காரரிடம் எல்லோருக்கும் வெள்ளம் சொல்லிவிடுங்கள்.